எட்டாம் நாள் மாத்திரை

"துரை, பின்னங்காலைச் சரியா பிடிக்கச் சொல்லு."

துரை எங்கள் வீட்டுப் பூனை. அதன் பின்னங்காலைப் பிடித்திருந்தவன் நான். சொன்னவள் என் மனைவி.

எட்டு நாளாக அவள் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாவற்றையும் துரையிடம்தான் சொல்வாள். அதில் எனக்குரியதை நானாகப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

தப்பு என்னுடையதுதான். துரைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று, அங்கே கொடுத்த அட்டையில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அதுவும் இனிஷியலோடு, நிறுத்தி, அழகாக.

குட்டியாக வந்ததை இரண்டு மணிக்கொரு தரம் பால் புகட்டி வளர்த்தவள் அவள். 'இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அது இருக்க வேண்டும்' என்று அப்போது சொன்னவன் நான்.

மறுநாளே என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதிக் காட்டினேன். "துரை, தானம் பண்றாங்க பாரு, வாங்கிக்கோ" என்றாள்.

ஆனால் பூனைக்கு மாத்திரை கொடுக்க நான்கு கைகள் வேண்டும். ஆகவே தினமும் காலை ஏழரைக்கு, வாஷிங் மெஷின் முன்னால், இருவரும் தோள் உரச நின்றாக வேண்டும்.

பழைய துண்டில் தலை மட்டும் தெரியும்படி துரையைச் சுருட்டுவது என் வேலை. கடைவாயில் விரல் வைத்துத் திறந்து, அடிநாக்கில் மாத்திரையைப் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவுவது அவள் வேலை. பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர்.

முதல் நாள் என் மணிக்கட்டில் நான்கு கோடு. இரண்டாம் நாள் மாத்திரை என் சட்டைப் பைக்குள் கிடைத்தது. நான்காம் நாள் துரை விழுங்கியதுபோல் பாவனை செய்துவிட்டு, வாசல்வரை நடந்துபோய் என் செருப்பில் துப்பியது.

"கெட்டிக்காரன்டா நீ. சில பேருக்குப் பேர் எழுத மட்டும்தான் தெரியும்."

மூன்று நாளாக அந்தக் கலாட்டா எதுவும் இல்லை. இன்றும் துண்டை விரித்ததுமே துரை வந்து நடுவில் படுத்துக்கொண்டது. வாயையும் தானே திறந்தது. போட்டதை மொறுமொறுவென்று மென்று தின்றுவிட்டு, இன்னொன்று உண்டா என்று எங்கள் முகத்தைப் பார்த்தது.

மாத்திரையை மென்று தின்னும் பூனையைப் பற்றி நாங்கள் இருவருமே எதுவும் சொல்லவில்லை.

"துரை, திமிறப்போற. கெட்டியா பிடிக்கச் சொல்லு."

கெட்டியாகப் பிடித்தேன். துரை கொட்டாவி விட்டது.

துண்டை உதறியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டருக்கு போன் பண்ணேங்க. இன்னும் பத்து நாள் குடுக்கணுமாம்."

அந்தப் பேச்சில் துரை இல்லை.

"டாக்டரே சொல்லிட்டா குடுத்துத்தான் ஆகணும்" என்றேன்.

அவள் துண்டைக் காயப்போடப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.

டாக்டர் கொடுத்தது ஐந்தே மாத்திரை. துரைக்கு மூன்று நாள் முன்பே குணமாகிவிட்டது. ஆறாம் நாள் அவள் எழுமுன், டப்பாவில் பூனைத் தீனியில் மூன்று உருண்டைகளைப் போட்டுவைத்தவன் நான். மூன்றாவது இன்று தீர்ந்தது. டப்பா காலியாக இருக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். பத்து உருண்டை இருந்தது.