உதட்டுப் பேச்சு

அவன் வாய் எதையோ சொன்னது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

காய்கறி மண்டியில் ஏலம் கூவியவன் அவன். நாலு தெரு தள்ளிக் கேட்கும் குரல். லாரி மோதி மண்டை உடைந்த பிறகு, தொண்டையில் துளை போட்டுச் செருகிய குழாய் வழியாக மெஷின்தான் அவனுக்கு மூச்சு விடுகிறது. குரலுக்குக் காற்று மிச்சமில்லை. வாய் மட்டும் அசையும்.

அதைப் புரிந்துகொள்ள அவன் மனைவியால் மட்டுமே முடிந்தது. அவள் தறி மில்லில் வேலை பார்ப்பவள். அந்த இரைச்சலில் காது எதற்கும் உதவாது. ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துத்தான் ஊர் வம்பே பேசுவார்கள்.

"பாப்பா எங்கேன்னு கேக்கறாரு" என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றாள்.

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண் விழித்ததும் முதலில் அவன் கேட்டது இதைத்தான். அவளும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள் என்று.

மெஷின் அலறியது. அவன் மூச்சு அதோடு மல்லுக்கட்டியது. ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள்.

எழுந்ததும் மறுபடி கேட்டான், புதிதாக. அடிபட்ட மூளை, இப்போதைக்கு எதுவும் தங்காது என்றார் டாக்டர்.

மறுபடி சொன்னாள். மறுபடி மெஷின், மறுபடி ஊசி.

பெற்ற பிள்ளையை எத்தனை தடவைதான் சாகடிப்பது? அதற்குப் பிறகுதான் பாப்பா ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தாள்.

அதைக் கேட்டதும் அவன் கண்ணை மூடிக்கொள்வான். விடிந்தால் மறந்திருப்பான். அந்த மறதியைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவன் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்தான். அவள் ஒரு சொல்லையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதுபோல் நிதானமாக வாயை அசைத்தான்.

'ஞாபகம் வந்து ரெண்டு மூணு நாளாச்சு. பரவாயில்ல, நீ ஸ்கூல்னே சொல்லு.'

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்றாள் நர்ஸ்.

"வாய் காயுதாம்."

நர்ஸ் பஞ்சை நனைத்து வந்து, அவன் உதட்டை ஒற்றி எடுத்தாள்.