அறுபது கிலோ பொம்மை

விசில் ஊதியதுதான் தாமதம், நாலு பேரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

முன்னால் இடப்பக்கம் நான். வலப்பக்கம் சலூன்காரர். பின்னால் கணக்கு வாத்தியாரும் ரொட்டிக் கடைக்காரரும்.

பன்னிரண்டு நிமிடம். அதற்குள் எங்கள் ஆற்றோரத் தெருவிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடத்தின் முதல் மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். மாநிலப் பேரிடர் துறை போட்ட கணக்கு அது. சேர்ந்துவிட்டால், வெள்ளம் வரும்போது படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தெருவே பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், மழைக்காலம் தொடங்கும் முன்பே அவர்களை வெளியூர் அரசு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம்.

எங்கள் தெருவில் அப்படி இருப்பது ஒரே ஆள். என் தங்கையின் கணவர். சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் இரண்டு வருடமாகக் கட்டில்தான்.

ஒத்திகைக்கு நோயாளியைத் தூக்கக் கூடாது என்பது விதி. அதற்காகத் துறையே ஒரு பொம்மை கொடுத்திருந்தது. உள்ளே மணல், அறுபது கிலோ. தூறல் என்பதால் மழைக்கோட்டு மாட்டி, தலையை மூடி, பெல்ட் போட்டுத் தயாராக வைப்பது என் தங்கையின் வேலை. கிளம்பும்போது அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் போர்வை முகம்வரை ஏறியிருந்தது. சரி, கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோபம் நியாயமானதுதான். போன வருட வெள்ளத்தில் பள்ளிக்கூட மாடிப்படி வளைவில் அவரைக் கீழே போட்டவன் நான். ஈரக் கை, வழுக்கிவிட்டது. நெற்றியில் ஏழு தையல்.

"அந்த இல்லத்துக்கே போயிடறேன். மறுபடி அந்தப் படி மட்டும் வேண்டாம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. இன்றைக்கு ஜெயித்துக் காட்டினால் மனசு மாறுவார் என்று ஒரு நப்பாசை.

ஓட்டமென்றால் அப்படி ஓர் ஓட்டம்! வாத்தியார் "ஒண்ணு, ரெண்டு" என்று குரல் கொடுக்க, எட்டுக் கால்களும் ஒன்றாக விழுந்தன. வழியில் ஒரு பைக் இல்லை, ஒரு கூடை இல்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் தெருவே நின்று கத்தியது.

தங்கை கூடவே ஓடி வந்தாள். "அண்ணா, பார்த்து! தலை இடிச்சிடப் போகுது!"

"பொம்மைக்குத் தலைவலி வந்தா நானே தைலம் தேய்ச்சு விடறேன், நீ கொஞ்சம் தள்ளும்மா!" என்றார் சலூன்காரர்.

தெரு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லை.

முதல் ஒத்திகையில் பத்தொன்பது நிமிடம். மானம் போயிற்று. இரண்டாவதில் பதினான்கு, அதுவும் அதே வளைவில் பொம்மை நழுவி எட்டுப் படி உருண்டது. அதற்கப்புறம் வாத்தியார் உட்கார்ந்து யோசித்து, படிகளில் சாக்பீஸால் பாதங்களை வரைந்துவிட்டார். யார் எந்தப் படியில் எந்தக் காலை வைக்க வேண்டும் என்று அதில் பெயரோடு எழுதியிருந்தது. ஒரு வாரமாக வெறும் ஸ்ட்ரெச்சரோடு அதன்மேல் ஏறி இறங்கினோம்.

ஏழாவது நிமிடத்தில் பள்ளிக்கூட வாசல். ஒன்பதாவதில் வளைவு.

அங்கே வெளிப்பக்கம் வருவது நான். ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியை மாடிப்படிக் கிராதிக்கு மேலே தூக்கிக் கடத்த வேண்டும். கையில் துண்டைச் சுற்றியிருந்தேன். இடது கால், வலது கால். உயிர் போனாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. விடவில்லை.

மாடி!

பேரிடர் துறை அதிகாரி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். பத்து நிமிடம், நாற்பது வினாடி.

அப்புறம் என்ன, ஒரே அமர்க்களம்தான். ரொட்டிக் கடைக்காரர் வாத்தியாரை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். கீழேயிருந்து விசில் பறந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான் குதித்தேன். முட்டிவலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

தங்கை மட்டும் கத்தவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பொம்மைக்கு அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்க்க அதிகாரி குனிந்தார். மழைக்கோட்டின் தலைப்பகுதியை விலக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே மாப்பிள்ளை.

கண்களை இறுக்க மூடியிருந்தார். முகமெல்லாம் வியர்வை. மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து, அதிகாரியை விட்டுவிட்டு என்னைத் தேடினார்.

"வளைவு தாண்டியாச்சா மச்சான்?"

தலையை ஆட்டினேன்.

"காலையில அவராத்தான் கேட்டார், அண்ணா. உன்கிட்ட சொன்னா கை நடுங்கும்னுட்டார்" என்றாள் தங்கை. தினமும் அவரைக் கட்டிலிலிருந்து நகர்த்துகிறவள், ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற அவளுக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. பொம்மைதான் வீட்டில் போர்வைக்குள் படுத்திருக்கிறது.

ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கிவிட்டது. விதியை மீறியாயிற்று. ஜெயித்தது ஜெயித்ததாகுமா என்று எல்லோரும் அதிகாரியின் முகத்தையே பார்த்தோம்.

அவர் படிவத்தைப் பிரித்தார். நேரத்தை எழுதினார். அடுத்த கட்டத்தில், 'பொம்மையின் நிலை' என்று அச்சடித்திருந்த இடத்தில், பேனா நின்றது. மாப்பிள்ளையை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

'நலம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.