நோகாத விரல்கள்

சனிக்கிழமை காலை பத்து இருபது.

இரத்தினவேல் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். வலது கால் முக்காலியின் மேல் கிடந்தது.

முந்தின நாள் உறைபனிக் குளிரில், தெருவோர மனிதச் சங்கிலியில் ஐந்து மணி நேரம் நின்றிருந்தான். போரை நிறுத்து என்ற அட்டை கையில். காலில் தொழிற்சாலைச் சப்பாத்து, மெல்லிய காலுறை.

வீட்டுக்கு வந்ததும் தைலம் போட்டு உரஞ்சித் தேய்த்தான். பிறகு நோவே இல்லை. சுகமாகிவிட்டது என்று படுத்துவிட்டான்.

றீற்றா காலுறையைக் கழற்றினாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். எத்தனையோ கால்களைப் பார்த்தவள்.

மூன்று விரல்கள் மெழுகுபோல் வெளிறியிருந்தன. சின்ன விரலில் கறுத்த கொப்புளம்.

நகத்தால் அழுத்தினாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"விசரே உங்களுக்கு? நோகாததுதான் பிழை. அதுக்குள்ளை மீனுக்குத் தூள் பிரட்டின மாதிரித் தேய்ச்சும் வைச்சிருக்கிறியள். இப்பவே எமேர்ஜென்சிக்கு வெளிக்கிடுங்கோ. விட்டா வெட்டத்தான் வேணும்."

அவன் தொலைபேசியைப் பார்த்தான்.

போர் நடக்கும் வன்னியில் ஒரு சற்றலைற் ஃபோன். அதற்கு முன்னால் ஊர் முழுவதும் வரிசையில். ஓராளுக்கு ஒரு நிமிடம். அங்கே தெரிந்தது இந்த வீட்டு இலக்கம் மட்டும்தான்.

நேற்று அவன் தெருவில் நின்ற நேரம் அழைப்பு வந்திருந்தது. பதிவுக் கருவியில் ஒரு பெண்ணின் இருமல், தூரத்தில் செல் குண்டு விழும் சத்தம். "நாளைக்குக் காலமை எடுக்கிறன், வீட்டிலை நில்லுங்கோ."

அந்தப் பதிவை றீற்றாவும் கேட்டிருந்தாள்.

எழுந்து நின்றான். தரை இருப்பது காலுக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்தான்.

றீற்றா அதைக் கண்டாள். தன் கைபேசியில், ஆஸ்பத்திரிக்குப் போக ராக்சி வண்டி ஒன்றை அழைத்தாள். அவனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டாள். குனிந்து, பெரிய சப்பாத்தின் நாடாவை முழுக்கத் தளர்த்தி, காலை மெதுவாக உள்ளே வைத்தாள்.

"நான் ஃபோனடியிலை இருக்கிறன். அடிச்சா எடுக்கிறன். நீங்கள் போங்கோ."

அவன் கதவு வரை போனான். கைப்பிடியைத் திருப்பாமல் நின்றான்.

றீற்றா கதிரையில் போய் இருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவில்லை.

"இஞ்சருங்கோ, உங்கடை மனிசி என்னை ஆரெண்டு கேட்டா, நான் என்ன சொல்ல?"