ஒரு நாள் மூத்திரம்

“ஹார்மோன் அளவு ரொம்ப ஏறியிருக்கும்மா. நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு காட்டுது” என்றார் டாக்டர்.

சித்தாளுக்கு இடது மார்பு சுரீரென்றது. அங்கே சுரீரென்பதற்கு ஒன்றும் இல்லை. போன வருடமே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

“மாத்திரைய விடாம போடுறீங்களா?”

தலையாட்டினாள். சோறு இல்லாத நாள் உண்டு, மாத்திரை இல்லாத நாள் கிடையாது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், அதற்குள் மனதை விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். எதுவும் காதில் ஏறவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

பெஞ்சில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். இவளோடு ஜோடியாகக் கல் சுமப்பவள். துணைக்கு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தவள்.

போன வாரம் கேனைக் கொடுத்த அன்றைக்கு நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தைச் சொட்டு விடாமல் இதில் பிடிக்க வேண்டும், அதை வைத்துத்தான் நோய் திரும்புமா என்று பார்ப்பார்கள்.

நர்ஸுக்கு என்ன, சொல்லிவிட்டாள். கட்டட வேலையில் பெண்கள் ஒதுங்க மறைவு ஏது? காலையில் சாரம் ஏறினால் பொழுது சாய்ந்து இறங்கும்வரை வாயில் தண்ணீர் படக் கூடாது. நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அடக்கிக்கொண்டே சுமக்க வேண்டும்.

மறுநாள் விடிந்து பார்த்தபோது கேனின் அடியில் ரெண்டு விரல் உயரம்தான் இருந்தது. செங்கல் கரைத்த நிறம்.

இதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி ஒரு நாள் பிடி என்பார்கள். மறுபடியும் இதே ரெண்டு விரல்தான்.

அன்று வாயாடிதான் கேனைப் பிடுங்கினாள்.

“குடுக்கா இங்க. மூத்திரத்துல என்ன உன்னுது, என்னுது?”

ரெண்டு சொம்பு தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் நாலு தடவை போய்க் கேனை நிறைத்துக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?” இப்போது வாயாடி பெஞ்சிலிருந்து எழுந்து அவள் கையைப் பிடித்தாள். “என்ன சொன்னாங்க?”

சித்தாளின் கண் வாயாடியின் மார்பில் போய் நின்றது.

ஏறியிருக்கிற அந்த அளவு இவளுடையதாக இருக்கட்டும் என்று மனது கேட்டுவிட்டது.