வசித்து வந்தார்

‘வசித்து வருகிறார்’ என்பதை ‘வசித்து வந்தார்’ என்று மாற்றினாள்.

சேமித்தாள்.

அடுப்பிலிருந்து பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது மறுபடியும் ‘வருகிறார்’ என்றிருந்தது.

அண்ணன் கோவில்பட்டியில்தான் இருந்தான்.

வெயிலுமுத்து. ஒரு காலத்தில் மாநில ஹாக்கி அணியின் கோல்கீப்பர். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவனுக்கு ஒரு சின்னப் பக்கம் இருந்தது. யாரோ முகம் தெரியாதவர் எழுதியது. ஆடிய போட்டிகள், வென்ற கோப்பை, கடைசியில் ‘கோவில்பட்டியில் வசித்து வருகிறார்’ என்ற அந்த வரி.

போன மாதம் அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். கொள்ளி வைத்ததும் அவள்தான். ஊரில் வேறு சொந்தம் இல்லை. அவளுக்கும்தான்.

பக்கத்தைத் திருத்துவதற்காகக் கணக்குத் தொடங்கிய அன்று, திரையில் ஒரு வரி வந்து நின்றது.

‘வாருங்கள், சண்முகக்கனி!’

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அண்ணன் ‘கனி’ என்பான். அவன் போன பிறகு அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த வரிக்குக் கீழே ‘நன்றி, நலமா?’ என்று எழுதிவிட்டுக் காத்திருந்தாள்.

பதில் இல்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் எந்திரம் போடுகிற வரி அது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் திருத்தத்தை நீக்கியது எந்திரமல்ல. தென்கரை என்ற பெயரில் எழுதும் ஒருவர்.

‘உயிருடன் இருப்பவரைப் பற்றிய கட்டுரை இது. சான்றில்லாமல் மாற்ற வேண்டாம்.’

திருத்துபவர்கள் பேசிக்கொள்ள கட்டுரையோடு இருந்த பேச்சுப் பக்கத்தில் ‘நான் அவருடைய தங்கை’ என்று எழுதினாள்.

‘பேச்சுப் பக்கத்தில் எழுதியதும் கையொப்பமிடுங்கள்’ என்று வந்தது.

கையொப்பமிடக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த முறை வரியையே மாற்றிப் பார்த்தாள். ‘எங்களை விட்டுப் பிரிந்தார்.’

அதுவும் போயிற்று. ‘எங்களை என்றால் யாரை? நடுநிலையான சொல் வேண்டும்.’

யாரை?

எழுந்து போய் அவரைக்காய் நறுக்கினாள்.

தென்கரை கடுமையான ஆளில்லை. படிக்க வேண்டிய உதவிப் பக்கங்களை அனுப்பினார். எல்லாவற்றையும் படித்தாள். நேரில் கண்டது சான்றாகாது. உறவினர் சொல்வதும் ஆகாது. அச்சில் வந்திருக்க வேண்டும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதலில் பேச்சுப் பக்கத்தைத் திறந்தாள். தெரிந்த விஷயத்தையும் சில நாள் தெரியாததுபோலக் கேட்டாள்.

கோவில்பட்டி நிருபர் ஒருவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

“சொந்தக்காரங்க சொன்னா விளம்பரமாத்தான் போடச் சொல்லுவாங்கக்கா. செய்தியா வரணும்னா ஹாக்கி கிளப்புலருந்து யாராச்சும் பேசணும்.”

“நான் அவரு கூடப் பொறந்தவ தம்பி.”

“புரியுதுக்கா. நீங்க கிளப்புல பேசச் சொல்லுங்க. நான் போட்டுருதேன்.”

ஹாக்கி கிளப் செயலாளரை அழைத்துச் சொன்னாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வெயிலுமுத்துவை நன்றாகத் தெரிந்திருந்தது. மைதானமே கதியென்று கிடந்த மனுஷன் என்றார். நிருபரிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

செய்தி வந்தது. நிருபர் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘முன்னாள் ஹாக்கி வீரர் காலமானார்.’ தலைப்பின் கீழே அண்ணன் பெயர். பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அந்தப் பெயரைப் பார்த்தாள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

உட்கார்ந்து, கற்றபடியே எல்லாவற்றையும் செய்தாள். இதழின் பெயர், தேதி, பக்க எண். ‘வருகிறார்’ போய் ‘வந்தார்’ வந்தது.

இந்த முறை நின்றது.

‘மேற்கோளை மிகச் சரியாகச் சேர்த்திருக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தார் தென்கரை. அதற்குக் கீழே தனி வரியில்: ‘ஆழ்ந்த இரங்கல், அம்மா.’

அவளுக்கு இரங்கல் என்று யாரும் எழுத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை திறந்தபோது கட்டுரை வளர்ந்திருந்தது. செய்தியை வைத்துத் தென்கரை விரித்து எழுதியிருந்தார். பிறந்த ஆண்டு. இளையோருக்குப் பயிற்சி கொடுத்த விவரம். ‘தனி வாழ்க்கை’ என்று புதிதாக ஒரு தலைப்பு.

அதில் ஒரே வரி.

‘திருமணம் செய்துகொள்ளாத இவருக்கு உறவினர் எவரும் இல்லை.’

வரியின் முடிவில் சிறிய எண். அதைத் தொட்டால் அவள் சேர்த்த மேற்கோளில் போய் நின்றது.

செய்தியின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். கடைசிப் பத்தியில், தலைப்பைவிட மிகச் சின்ன எழுத்தில், கிளப் செயலாளர் சொன்னதாக அதே வரி இருந்தது.

திருத்துவதற்கான ‘தொகு’ என்பதை அழுத்தினாள். வரியின் முன்னால், எழுதும் இடத்தைக் காட்டும் குறிமுள் மினுங்கியது.

என்ன எழுதலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுதினால் என்ன பதில் வரும் என்பதும். அந்தப் பதிலை இப்போது அவளே எழுதிவிடுவாள்.

ஒன்றும் தட்டாமல் வெளியே வந்தாள்.

திருத்தங்கள் வரிசையாக நிற்கும் வரலாற்றுப் பக்கத்தில் தென்கரையின் திருத்தம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. பக்கத்தில் ‘நன்றி தெரிவி’ என்று ஒரு பொத்தான். இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

தொட்டாள்.

‘இந்தத் திருத்தத்துக்கு நன்றி தெரிவிக்கவா? இது அனைவருக்கும் தெரியும்.’

ஆம்.