ஒரு வண்டி கீற்று

“நாற்காலிய ஏன் நடுவுல போடற செங்கேணி? ஆபீசருக்குக் காத்து வரணும், ஜன்னலாண்ட போடு.”

நாளைக்குத் தேர்தல். ஊரின் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. ஓட்டுப்பெட்டியோடு வந்து இறங்கிய பூத் ஆபீசர் ஏகாம்பரத்துக்காக, ஊர்ப் பெரியதனக்காரர் லோகநாதன் தன் வீட்டு நாற்காலியையே தூக்கிவரச் செய்திருந்தார்.

ஏகாம்பரம் உட்காரும் முன் அண்ணாந்து பார்த்தார். கூரை ஓட்டைகள் வழியாக வானம் அவரைப் பார்த்தது. மார்கழி பிறந்தும் மழை விட்டபாடில்லை.

“மழை வந்தா?”

“நனையும் சார். பசங்களுக்குப் பழக்கம்தான்.”

“இங்கே இருக்கிற வாத்தியார் சொல்லலையா?”

லோகநாதன் சிரித்தார். “வரதன்னு ஒரு வாத்தி கீறான். மூணு வருசமா எங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு ஒரு வண்டி கீத்து கேக்கறான். அ, ஆ சொல்லித் தர்றவன் நம்ம தோப்பு மேல கண்ணு வெக்கலாமா? வேற எங்கியும் வேலை கெடைக்காதவன்தானே சார் வாத்தியாப் போறான்?”

ஏகாம்பரம், செங்கேணி வெட்டித் தந்த இளநீரில் மிகவும் கவனமாக இருந்தார்.

“அவர் இப்போ எங்கே?”

“அவனுக்கும் எலெக்சன் டூட்டியாம். எந்த ஊர்ல பெட்டி தூக்கறானோ.”

ஏகாம்பரம் இளநீரைக் கீழே வைத்தார். பையிலிருந்து நீளமான காகிதம் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தார். அதில் மை இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

“ஓட்டுச்சீட்டு நனைஞ்சா மேலே ரிப்போர்ட் போகணும். உங்க இனிஷியல் என்ன?”

லோகநாதன் எழுந்து நின்றுவிட்டார். “எம் பேரு இன்னாத்துக்கு சார்? செங்கேணி, வண்டியக் கட்டு. தோப்புல முடைஞ்சு வெச்ச கீத்து அத்தினியும் ஏத்திக்கினு வா.”

பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. மழை என்னவோ அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

மறுநாள் ஓட்டுப்பதிவு முடிந்து, உத்திரமேரூரில் பெட்டியை ஒப்படைக்கும் வரிசையில் ஏகாம்பரம் நின்றிருந்தார். பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைத் தொட்டார். தொட்டவர் கையிலும் ஓட்டுப்பெட்டி.

“இன்னா சார், நம்ம லோகநாதன் குடுத்தாரா?”

“ஒரு வண்டி நிறைய, வரதன் சார். நாற்காலி, இளநீர்னு மரியாதைக்கும் குறைவில்லை. எங்க ஊர்ல உங்களுக்கு எப்படி?”

“கோழிக்கொழம்பே போட்டாங்க. ‘எங்க ஊரு வாத்தி ஏகாம்பரம் ஒரு தெண்டம்’னு உங்க பிரசிடெண்டு ஒரு மணி நேரம் சொன்னாரு, நானும் ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கினேன்” என்ற வரதன், குரலைத் தாழ்த்தினார். “நேத்து பெட்டி வாங்கறப்ப பேசிக்கினபடியே ரிப்போர்ட்டுன்னேன் சார், உங்க பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணரை வண்டி போட்டுட்டாங்க.”