சாயம் பூசிய மறுநாள்

குட்டிக் கத்தரிக்கோல் ‘கறுக்’ என்று கடித்த சத்தத்தைப் பத்மாசனியின் தலைமுடிகள் வெகுகாலம் மறக்கவில்லை. நரைத்தது எது கண்ணில் பட்டாலும் அவள் அப்போதே வெட்டிவிடுவாள்.

வகிட்டோரம் ஒரு நரைமுடி பயந்துகொண்டே வாழ்ந்தது. பக்கத்தில், பிறந்ததிலிருந்தே செம்பட்டையாக இன்னொரு முடி.

“என்னைக் கொஞ்சம் மறைச்சுக்கோடி, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று நரைமுடி கெஞ்சும். செம்பட்டையும் மேலே சாய்ந்து மறைத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மாசனி பழைய பல் பிரஷ்ஷால் நரைக்கு மட்டும் சாயம் தடவினாள். மறுநாள் நரைமுடி கன்னங்கரேலென்று விறைத்து நின்றது.

“தள்ளி நில்லுடி. எங்க வம்சத்துல இப்படி ஒரு நிறமே கிடையாது.”

“ஒரே தலைதானே அக்கா நாம? வேர்லதான் நிறம் கலக்குது. எனக்குக் கறுப்பு குறைஞ்சு சிவப்பு தூக்கலாப் போச்சு. உங்களுக்கு...”

“எனக்கு என்ன?”

“கலக்குற சாமானே தீர்ந்துபோச்சு.”

அன்றோடு பேச்சு நின்றது. நரைமுடி விலகித் தனியே வளர்ந்தது.

சில நாள் கழித்துச் செம்பட்டை பதறியது. “அக்கா, அடியில வெள்ளை தெரியுது! கிட்ட வாங்க, மறைச்சுக்கறேன்.”

“பொறாமைடி உனக்கு.”

பத்மாசனி கண்ணாடி முன் குனிந்தாள். தனியே நின்ற முடியின் வெள்ளை அடி பளிச்சென்று தெரிந்தது. ஒட்ட வெட்டினாள்.

செம்பட்டையும் ஒரு வருஷத்தில் நரைத்தது. அதற்குள் பத்மாசனிக்குப் பார்வை மங்கிவிட்டதால், அது இடுப்புவரை வளர்ந்தது.